முகம் போடாத அட்டை

"மாமா, எங்கட பாட்டைக் கேட்டீங்களோ?"

மருமகன் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, கணினித் திரையில் நான் காட்டிய அல்பம் அட்டையின் மூன்றாவது டிசைனைப் பார்த்துக்கொண்டே சும்மா கேட்டான். "கேட்டனான், கேட்டனான்" என்று சொல்லிவிட்டேன். பொய். ஐந்து பாட்டையும் அவன் வட்ஸ்அப்பில் அனுப்பி மூன்று கிழமை ஆகியிருந்தது. அந்த மூன்று கிழமையில் இரவு ஒரு மணிவரை விழித்திருந்து, உலகத்தில் உள்ள அல்பம் அட்டைகளில் ஒரு முந்நூறாவது பார்த்திருப்பேன். எழுத்துரு தேடினேன், நிறம் தேடினேன். பாட்டுக் கோப்பை மட்டும் தரவிறக்கக்கூட இல்லை. அவன் திரும்பவும் கேட்காமல் போய்விட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பொய் சொன்னது அவனுக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

என் தொழில் அச்சுக்கடையில் டிசைன் செய்வது. கல்யாண அட்டை, பூப்புனித நீராட்டு விழா பெனர், கோயில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவஞ்சலி. திருமலையில், அதாவது திருகோணமலையில், யாருடைய வீட்டு நன்மை தின்மையும் ஒருமுறை என் திரையைத் தாண்டித்தான் போகும். நினைவஞ்சலி மலர் செய்யும்போது செத்தவரை எனக்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. படம், பிறந்த திகதி, மறைந்த திகதி, ஒரு வெண்பா, கீழே மனைவி மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள். இருபது வருடம் இப்படி முன்பின் தெரியாதவர்களுக்கு வடிவாகச் செய்து கொடுத்த கைக்கு, பாட்டைக் கேட்காமல் பாட்டுக்கு அட்டை போடுவது பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. குளிக்கும்போதும் சோறு சாப்பிடும்போதும் கூடவே வந்தது.

பொடியள் நாலு பேர், ஒரு பெண்பிள்ளை. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் காலம். அந்த இடைவெளியில் ஒரு கிற்றார், ஒரு கீபோர்ட், ஒரு மிருதங்கம், இரவல் வாங்கிய ஒரு மைக்கை வைத்துக்கொண்டு ஐந்து பாட்டு எழுதி, மெட்டமைத்து, பதிவும் செய்துவிட்டார்கள். கையில் காசில்லை. அட்டை செய்ய மாமா இருக்கிறார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

நாற்பத்து மூன்று படங்கள்

முதலில் அவர்கள்தான் 'மாதிரி' என்று 43 படங்கள் அனுப்பினார்கள். பின்டரெஸ்டில் தேடி எடுத்தவை. முதல் பத்தைப் பார்க்க உற்சாகமாக இருந்தது. இருபதாவதில் களைத்துவிட்டேன். பாதிக்கு மேல் ஒரே படம்தான்: கடற்கரை, அந்திச் சூரியன், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒருவனின் கறுப்பு நிழல். மற்றப் பாதி உலகப் புகழ் பெற்றவை. 1973இல் வந்த பிங்க் ஃபுளொய்டின் முக்கோணக் கண்ணாடி, 1969இல் பீற்றில்ஸ் நாலு பேரும் வீதியைக் கடக்கும் படம், 1979இல் ஜோய் டிவிஷன் என்ற குழு வெளியிட்ட கறுப்பு அட்டையில் வெள்ளைக் கோடுகள் மலைபோல் எழுந்து எழுந்து நிற்பது. கடைசியாகச் சொன்ன கோடுகள் போட்ட டீசேர்ட் இங்கே பஸ் நிலையத்தடியில் நடைபாதையிலேயே விற்கிறது. வாங்கிப் போடுபவர்களில் எத்தனை பேர் அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள்? சரி, அதைக் கேட்க எனக்கு என்ன தகுதி.

பீற்றில்ஸ் படத்தில் பொடியளுக்குப் பெரிய மோகம். அந்தப் படத்தை எடுக்கப் பத்து நிமிடம்தான் ஆனதாம். பொலிஸ்காரர் ஒருவர் வாகனங்களை மறிக்க, படப்பிடிப்பாளர் ஏணியில் ஏறி நின்று ஆறு படம் எடுத்தார். ஒன்று தேறியது. அட்டையின் முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, அல்பத்தின் பெயரும் இல்லை. இதை நான்தான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஐந்து பேரும் பாதசாரிக் கடவைக்குப் போய்விட்டார்கள். அங்கே இவர்களுக்கு முன்னமே இரண்டு மான்கள் படுத்திருந்தன. ஊருக்குள் மான்கள் திரிவதைப் பற்றித் திருமலைக்காரருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மான் எழும்பும்வரை காத்திருந்து, எழும்பியபின் எடுத்த படத்தில் பின்னால் ஒரு தனியார் பஸ்ஸும் அதன் நடத்துனர் திட்டுவதும்தான் துலக்கமாக விழுந்திருந்தன.

என் முதல் டிசைன் அதைவிட மோசம். கோணேசர் கோயில் மலை, அதன் பின்னால் சூரியன். இந்த ஊரில் ரியூசன் துண்டுப்பிரசுரம் முதல் கிரிக்கெட் குழுவின் சட்டை வரை எதைச் செய்யச் சொன்னாலும் கை தானாகப் போய் அந்த மலையை வைத்துவிடும். அந்தச் சுவாமி மலையின் வெட்டுப் படம் என் கணினியில் தனிக் கோப்பாகவே கிடக்கிறது. "மலை வேண்டாம் மாமா" என்றான் மருமகன். "அப்ப மான்?" என்றேன். சிரித்துவிட்டான். நான் பகிடிக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நானே தேட ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க, ஆளைப் பிடித்து உள்ளே இழுக்கிற விஷயம் அது. பழைய 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நாலு நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசையென்றால் நாலைந்து தட்டுகளைப் போட்டோ அல்பம் மாதிரி ஒரு புத்தகத்தில் கட்டி விற்பார்கள். அல்பம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். வெளியட்டை சாக்கு நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ வெறுமையாக இருக்கும். 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் டிசைன் வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற 22 வயதுப் பையன்தான், இதில் ஏன் படம் போடக்கூடாது என்று கேட்டவர். அவருடைய முதல் அட்டைக்காக நியூயோர்க்கில் ஒரு நாடக அரங்கின் வாசலில் இருந்த விளக்கெழுத்துகளைக் கழற்றி, அல்பத்தின் பெயர் வரும்படி மாற்றி மாட்டச் செய்து, அதைப் படம் பிடித்தார். வயது 22 என்று வாசித்ததும் எனக்கு வந்தது பொறாமை. 22 வயதில் நான் கல்யாண அட்டைக்குப் பிள்ளையார் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னை உண்மையில் பிடித்துப்போட்டவர் ரீட் மைல்ஸ். 1950களின் நடுப்பகுதியில் இருந்து 60களின் பிற்பகுதிவரை புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 500 அட்டைகள் செய்தவர். ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், அதன்மேல் ஒரே ஒரு நிறம், பக்கத்தை நிறைக்கும் எழுத்து. பார்த்தால் என்ன துணிச்சல் என்று தோன்றும். துணிச்சல் இருந்தது, கூடவே காசில்லாமையும் இருந்தது. நாலு நிறத்தில் அடிக்கக் கட்டாத சிறிய நிறுவனம் அது. இரண்டு நிறம்தான் கட்டும் என்றால் அந்த இரண்டை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தவர் மைல்ஸ். இது எனக்கு உடனே விளங்கியது. ஒற்றை நிற நோட்டீஸ் அடித்துப் பழகியவனுக்கு இதைப் படிப்பிக்க வேண்டியதில்லை. இன்னொரு செய்தியும் வாசித்தேன்: மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய நாட்டமில்லையாம், அவர் கேட்டது மேற்கத்தியச் சாஸ்திரிய இசை. வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. பாட்டைக் கேட்காமலே 500 அட்டை! அப்படியென்றால் எனக்கென்ன?

அந்த நிம்மதியில்தான் மூன்றாவது டிசைன் பிறந்தது. நீலமும் கறுப்பும். பாடும் பிள்ளையின் முகம் பாதிப் பக்கத்துக்கு, மற்றப் பாதியில் எழுத்து. அசல் புளூ நோட். உள்ளதைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. அதைக் காட்டியபோதுதான் மருமகன் அந்தக் கேள்வியைக் கேட்டான். பிறகு இரவு படுத்திருக்கும்போது மைல்ஸின் கதையில் நான் வசதியாகத் தாண்டிப் போன ஓர் இடம் நினைவுக்கு வந்தது. புளூ நோட்டின் அல்ஃபிரட் லயன், பதிவில் என்ன நடந்தது, இசை என்ன மனநிலையில் இருக்கிறது என்று மைல்ஸுக்கு எடுத்துச் சொல்வாராம். அவருக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்தது. எனக்கும் சொல்ல ஐந்து பேர் இருந்தார்கள். நான்தான் கேட்கவில்லை.

படம் வேண்டாம்

அந்த டிசைன் வேறு காரணத்தாலும் விழுந்தது. பிள்ளையின் தகப்பன் சொல்லியனுப்பினார்: பாடட்டும், ஆனால் படம் போட வேண்டாம். பொடியளுக்குக் கோபம். "இந்தக் காலத்தில இப்பிடியும் ஆக்களோ" என்று ஆளாளுக்குக் கதைத்தார்கள். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் முதலில் எரிச்சல்தான். அது அந்த மனிதர் மேலா, என் நல்ல டிசைன் போனதிலா என்று இப்போது யோசித்தால் இரண்டாவதுதான் கூட. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். சின்ன ஊர், எல்லார் கையிலும் போன். ஒரு பெண்பிள்ளையின் படத்துக்குக் கீழே யார் யார் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாததா? அவர் சொன்னது சரி என்று சொல்ல வரவில்லை. எதற்குப் பயப்படுகிறார் என்பது தெரியும், அவ்வளவுதான்.

இந்த எரிச்சலோடு வீட்டுக்குப் போனால், அம்மா சர்வசாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: "எங்கட காலத்தில பாடினாக்கள்ர முகத்தை ஆர் கண்டது?" உண்மைதானே. தமிழ்ப் படப் பாட்டு இசைத்தட்டின் உறையில் இருந்தது எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சரோஜாதேவியும்தான். பாடியவர்களின் பெயர் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். தட்டின் நடுவில் எச்.எம்.வி. நாய் குழாய்க்கு முன்னால் இருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். (அந்த நாய்க்கு இருந்த பொறுமை எனக்கு இருக்கவில்லை.) பி. சுசீலாவின் முகம் எப்படி இருக்கும் என்று அம்மம்மாவுக்கு வெகுகாலம் தெரியாது. ஆனால் பெயர் தெரியும். இலங்கை வானொலியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம் எது, பாடியவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். சமைத்துக்கொண்டே கேட்டவர்களுக்கும் பெயர் மனதில் நின்றது.

அம்மா அலுமாரியில் இருந்து ஒரு பிஸ்கட் டின்னையும் எடுத்து வந்தார். அப்பாவின் கசெட்டுகள். 80களில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து கசெட்டில் பதிந்து தரும் கடை ஊருக்கு ஊர் இருந்தது. கசெட் பெட்டிக்குள் செருகும் அந்தச் சின்ன அட்டையின் முன்பக்கம் ஆறரைக்குப் பத்து சென்ரிமீற்றர் வரும். அதில் கடைக்காரர் பச்சை மையால் பாட்டின் முதல் சொற்களை எழுதியிருந்தார். ஏ பக்கம் ஒன்பது, பி பக்கம் எட்டு. பி பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கும்போல, ஒரு பாட்டைப் பாதியில் விட்டு, அட்டையில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'அரை' என்று எழுதியிருக்கிறார். படமும் இல்லை, அலங்காரமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டுப் பதிந்த ஒருவர் எழுதிய அட்டை அது. வேகமாகப் பதியும் வசதி எல்லாக் கடையிலும் இருக்கவில்லை. 60 நிமிடக் கசெட் என்றால் 60 நிமிடம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

உவர்மலை அறை

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் கேட்கப் போனேன். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் எங்கே பதிந்தார்கள் என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. உவர்மலையில் ஒரு பொடியனின் வீட்டு மேல்மாடி அறை. பத்தடிக்குப் பத்தடி இருக்காது. உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது சுவர். கூரை தொடும்வரை முட்டை அடுக்கும் மட்டை. கொத்துரொட்டிக் கடைகளில் இரண்டு மாதமாகக் கெஞ்சிச் சேர்த்ததாம். மொத்தம் 64. "வெளிச் சத்தம் வராமல் இருக்கத்தான் மாமா" என்றான் மருமகன். வராமலா இருக்கும்? நாங்கள் நிற்கும்போதே கீழே ஓர் ஆட்டோ போனது, அறைக்குள்ளேயே போனது போலக் கேட்டது. சத்தத்தை மறிக்கப் பாரமான சுவர் வேண்டும். முட்டை மட்டை காற்று மாதிரி இலேசானது. உள்ளே எழும் கூர்மையான எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், வேறொன்றும் செய்யாது. இதைப் பொடியளும் ஒட்டி முடித்த பிறகுதான் எங்கோ வாசித்திருக்கிறார்கள். கழற்ற மனமில்லை. அதனால் இரவு பதினொரு மணிக்குப் பிறகு பதிந்திருக்கிறார்கள், காற்றாடியை நிறுத்திவிட்டு. அது சுழன்றால் மைக்கில் விழும். திருமலை வெயில் காலத்தில் யன்னலையும் சாத்திவிட்டுக் காற்றாடியும் இல்லாமல் ஐந்து பேர்!

தரையில் இருந்து ஹெட்போனில் கேட்டேன். முதல் பாட்டு சுமார். இரண்டாவதில் கிற்றார் சுருதி கொஞ்சம் விலகியிருந்தது. மூன்றாவது நல்ல பாட்டு, ஆனால் இதை இன்னும் பத்து வருடத்தில் பாடினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நாலாவது பாட்டில்தான் நான் விழுந்தேன். மிருதங்கம் இல்லை, கீபோர்ட் இல்லை. அந்தப் பிள்ளையின் குரலும் ஒரு கிற்றாரும். கடைசி அடியைப் பாடி, குரல் மெல்ல இறங்கி, அடங்கி, அதற்குப் பிறகு மூன்று விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். காற்றாடிச் சுவிட்ச். பழைய காற்றாடி கரகரத்துக்கொண்டு மெதுவாகச் சுழல ஆரம்பிப்பதும், யாரோ "அப்பாடா" என்று பெருமூச்சு விடுவதும், இரண்டு பேர் சிரிப்பதும் கேட்கிறது. அதோடு பாட்டு முடிகிறது. "அதை வெட்டேலாமல் போச்சோ?" என்று கேட்டேன். "வெட்டிப் பாத்தம் அங்கிள்" என்றாள் அந்தப் பிள்ளை. அவள் என்னோடு பேசியது அதுதான் முதல்தடவை. "வெட்டினா பாட்டு முடியாத மாதிரி இருக்கு."

திரும்ப ஒருமுறை நாலாவதைக் கேட்டேன். கேட்டுக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மின்சாரம் போய்விட்டது. ஒருவன் போன் வெளிச்சத்தைப் போட்டுச் சுவரோரமாக வைத்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் மட்டை மட்டையாக இல்லாமல் போய்விட்டது. ஐந்துக்கு ஆறு, முப்பது குழி. ஒவ்வொரு கூரும் வெளிச்சத்தில் ஒரு பக்கமும் இருளில் ஒரு பக்கமுமாக வரிசை வரிசையாக எழுந்து நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் இரவுக் கடல். இன்னும் கிட்டப் போனால் மணல்மேடு. அப்படியே போனில் பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். ஒரு மட்டையின் மூலையில் சின்னக் கோழி இறகு ஒன்று ஒட்டிக் காய்ந்து போய் இருந்தது. அந்த மட்டையைத்தான் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்ததும் ஒரு சங்கடம். இதை எங்கோ பார்த்திருக்கிறேனே! அந்த டீசேர்ட். ஜோய் டிவிஷனின் மலைக் கோடுகள். அதன் கதையும் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்ட பல்சார் நட்சத்திரத்திலிருந்து 1.337 விநாடிக்கு ஒருமுறை வரும் வானொலித் துடிப்புகளை ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்த விஞ்ஞானப் படம் அது. குழுவில் ஒருவர் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் கண்டு கொண்டுவந்து கொடுக்க, அட்டையை டிசைன் செய்த பீற்றர் சவில் வெள்ளையில் கறுப்பாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாக மாற்றினார். அப்படியென்றால் முட்டை மட்டையில் கடலைக் கண்டது யார்? நானா, மூன்று கிழமையாக 43 படத்தையும் அதற்கு மேல் முந்நூறையும் பார்த்துப் பழகிய கண்ணா? அந்தத் தேடல் முழுக்க வீண் என்று உவர்மலையில் இருந்து இறங்கும்போது முடிவு கட்டியிருந்தேன். வீட்டில் படத்தைப் பார்த்ததும் அந்த முடிவும் ஆட்டம் கண்டுவிட்டது. அவற்றைப் பார்க்காமல் போயிருந்தால் சுவரில் முட்டை மட்டையைத்தான் கண்டிருப்பேன். பாட்டைக் கேட்காமல் போயிருந்தால் சுவரையே கண்டிருக்க மாட்டேன். எது முந்தி எது பிந்தி என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை.

பொடியளுக்குக் காட்டினேன். "முட்டைக் கடை விளம்பரம் மாதிரி இருக்கு" என்றான் மிருதங்கக்காரன். கீபோர்ட்காரன் இறகைப் போட்டோஷொப்பில் அழிக்கச் சொன்னான். மருமகன் கனநேரம் பார்த்துவிட்டு, "நாலாவது பாட்டு" என்று மட்டும் சொன்னான். இறகு இருக்கட்டும் என்று விட்டோம்.

அடுத்தது அளவு. பழைய இசைத்தட்டு உறை 31 சென்ரிமீற்றர் சதுரம். மடியில் வைத்துப் பாட்டு முடியும்வரை பார்க்கலாம். இப்போது 3000க்கு 3000 பிக்சலில் ஏற்றச் சொல்கிறார்கள், பார்ப்பவரோ போனில் பெருவிரல் நகத்தளவில் பார்க்கிறார். நகத்தளவுக்குச் சுருக்கினால் அலையும் இருளும் நின்றன. எழுத்துத்தான் நிற்கவில்லை. கீழே ஐந்து பேரின் பெயரையும் மெல்லிய எழுத்தில் ஒரே வரியாக ஓடவிட்டிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் வடிவு, சுருங்கினால் எறும்பு வரிசை. பரவாயில்லை, இந்தக் காலத்தில் பெயரை அட்டையில் யார் வாசிக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையின் தகப்பன் கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து, மகள் அனுப்பிய அட்டையைத் திறந்து எனக்குக் காட்டினார். பிறகு திரையில் ஏதோ தூசு என்று நினைத்துப் பெருவிரலால் துடைத்தார். சாரத்தின் நுனியாலும் துடைத்துப் பார்த்தார்.

"இது போகுதில்ல தம்பி."

"அது இறகு ஐயா. படத்திலயே இருக்கிறது."

"ஓ." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "எல்லாம் வடிவா இருக்கு. பிள்ளைட பேர் எங்க?"

விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, முதலாவதிலிருந்து ஐந்தாவது வரை எல்லாப் பெயரையும் வாசித்தார். மகளின் பெயர் கடைசியில் இருந்தது.

"இதைக் கொஞ்சம் பெருசாப் போடேலாதோ?"

ஒரு பெயரை மட்டும் பெரிதாக்கினால் மற்ற நாலு வீட்டிலும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாண அட்டையில் மாமன்மார் பெயரின் அளவுக்கே சண்டை வருகிற ஊர் இது. ஐந்து பெயரையும் பெரிதாக்கி, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினேன். இடம் போதவில்லை. அல்பத்தின் பெயரைச் சிறிதாக்கி, இறகுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். இப்போது அதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.